வீடு திரும்பிய கையெழுத்து

கைதாகிப் பதினோராம் நாள் காலையில் ஹுதைபாவின் கையெழுத்து தனியாக வீடு வந்து சேர்ந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ் தரிப்பிடத்திலிருந்து ஏறிவரும் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. மகள் நதாவின் தேர்ச்சி அறிக்கையில் தந்தை கையொப்பமிட வேண்டிய இடம் ஒரு கிழமையாக வெறுமையாகக் கிடந்தது. அன்றைக்குப் பார்த்தால், அடியில் நீளக் கோடும் கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகளுமாக, சாமான் இறக்கும் லொறிக்காரர்களுக்கு அவர் கடையில் போட்டுக்கொடுக்கும் அதே கையெழுத்து அங்கே இருந்தது. பிள்ளை அதை உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பாயிஸா விரலால் தடவிப் பார்த்தார். “வாப்பா வரல்ல மகள், அவர்ட கையெழுத்து மட்டும் வந்தீக்கி” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதார். வகுப்பாசிரியை அறிக்கையை வாங்கிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

ஹுதைபா பெயின்ட், ஆணி, தண்ணீர்க்குழாய் விற்பவர். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரருக்கும் பசை வாளி விற்பார். அரசியலில் அவருக்கிருந்த ஈடுபாடு அவ்வளவுதான். அந்தமுறை வாக்களிப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது, பாலத்தடியில் இருந்த பெரிய வேட்பாளர் ஒருவரின் காரியாலயம் எரிந்தது. அது எரிந்த நேரத்தில் ஹுதைபா கடுகண்ணாவையில் ஒரு கல்யாண வீட்டில், ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சகனில் ஐந்தாவது ஆளாகச் சோறு தின்றுகொண்டிருந்தார். மற்ற ஐந்து பேரும் அதைச் சொல்லத் தயார். கேட்கத்தான் ஆளில்லை. வேட்பாளர் மைக்கைப் பிடித்து இது இன்ன ஆட்களின் வேலை என்று கைகாட்டிவிட்டார், விடிவதற்குள் ஒருவரைப் பிடித்தாக வேண்டியிருந்தது, ஹுதைபாவின் கடையில் பெயின்ட் கரைக்கும், சட்டென்று தீப்பற்றும் தின்னர் இருந்தது. தின்னர் இல்லாத பெயின்ட் கடையை அந்தப் பொலிஸ்காரர்கள் எங்கே கண்டார்களோ தெரியாது. வாக்குமூலம் நாலு பக்கம், முழுவதும் சிங்களத்தில். ஹுதைபா சிங்களத்தில் பேரம் பேசினால் யாரும் தோற்றுப்போவார்கள். வாசிக்கச் சொன்னால் பஸ் பலகையைத் தாண்டமாட்டார். கையெழுத்தைப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார் பொறுப்பதிகாரி. இருபது வருடமாக நீட்டிய துண்டிலெல்லாம் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகிய மனிதர், அதிலும் போட்டார். கையெழுத்து அந்த அதிகாரியின் வார்த்தையை நம்பியது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டது. ஆள் உள்ளேயே நின்றுபோனார்.

வழக்கு அழைக்கப்பட்டபோது நீதவான் அம்மா நாலு பக்கங்களையும் புரட்டினார், பிறகு நாலாவதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொறுப்பதிகாரி, ஹுதைபா அதில் ஒப்பமிட்டதைத் தான் கண்ணால் கண்டதாகச் சத்தியம் பண்ணினார். கடதாசியில் இல்லாததை இருக்கிறதென்று எழுதத் தன்னால் முடியாது என்று நீதவான் சொல்லி, அப்படியே வழக்கேட்டிலும் எழுதினார். பொலிசார் தவணை கேட்டு, ஹுதைபாவிடம் மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். அது குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு வந்தது. மூன்றாவது காஸ் சிலிண்டருக்கு, நாலாவது நாட்காட்டிக்கு மேலே. ஐந்தாவதை மூன்று அதிகாரிகள் சூழ நின்று வாங்கி, உறையில் போட்டு அரக்கு வைத்து மூடினார்கள். மன்றில் உடைத்தபோது ஒப்பமிட்ட இடம் வெள்ளையாகக் கிடந்தது; அதே நேரம் வீட்டில் பாயிஸா சோற்றுப் பானையின் மூடியைக் கழுவப்போய்க் கையை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் அந்த மூடியைக் கழுவவில்லை. வேறு மூடி வாங்கினார்.

இதற்குள் வேட்பாளர் வென்று அமைச்சராகியிருந்தார். ஜின் வேலை என்று ஒரு கூட்டம் முகநூலில் எழுதியது. கொழும்பிலிருந்து ஒருவர் நீதவானைத் தொலைபேசியில் அழைத்து வழக்கைப் பற்றிச் சும்மா விசாரித்தார். நீதவான் அந்த அழைப்பையும், அது வந்த நேரத்தையும், பேசியவர் இடையில் இருமியதையும்கூட வழக்கேட்டில் பதிந்துவைத்தார். ஹுதைபாவின் சட்டத்தரணி ஸ்ரனிஸ்லாஸ், முப்பது வருடத் தொழிலில் அப்படியொரு பக்கத்தைத் தான் கண்டதில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். ஆறாவது வாக்குமூலமும் ஒப்பமில்லாமல் வந்த அன்று பிணை கிடைத்தது. மாதத்தின் கடைசி ஞாயிறு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும்; கடவுச்சீட்டை மன்றில் ஒப்படைக்க வேண்டும்; நிபந்தனை அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு ஹுதைபா போனார், போட்டார், பஸ்ஸில் திரும்பினார். கையெழுத்து அவருக்கு முன்பே வந்து குசினிச் சுவரில் இருந்தது. போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்று பொலிஸ்காரர் சொல்லியிருந்தார், அதற்கு அது போதும். மூன்று மாதம் முடிந்ததும், இந்த ஆள் ஒருநாளும் வரவில்லை, பதிவேட்டைப் பாருங்கள், பிணையை ரத்துச் செய்யுங்கள் என்று விண்ணப்பம் போனது. அமைச்சர் பக்கத்துச் சட்டத்தரணிகள் நீதவானின் வாசகத்தையே அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். கடதாசியில் இல்லாததை இருக்கிறதென்று எழுத முடியாது. நீதவான் பழைய வழக்கேட்டை எடுத்து அந்த வரியை மறுபடி வாசித்தார். அது அவருடைய சொல், சரியான சொல்லும்கூட. ஆளுக்கொரு விதமாக அதைத் திருப்பினால், தொலைபேசியில் இருமிய மனிதருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? பாயிஸா அன்றைக்கே, அவர் சிறைக்குக் கொண்டுபோகவென்று சவர்க்காரமும் இரண்டு சாரனும் வைத்துப் பையைக் கட்டிவிட்டார்.

மறுநாள் நீதவான் பதிவாளரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அறை அறையாகப் பார்த்தார், தேர்ச்சி அறிக்கையையும் வாங்கிப் பார்த்தார். வாக்குமூலத்துக்கு ஆறு, ஞாயிறுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. ஒப்பம் இடப்பட்டிருக்கிறது, அது இருக்கும் இடம் இந்த வீடு, ஆகவே இனிமேல் கடைசி ஞாயிறுகளில் பதிவேடு இங்கே வரவேண்டும் என்று நின்ற இடத்திலேயே எழுதினார். பாயிஸா கொண்டுவந்த தேநீரைத் தொடவில்லை. வழக்கில் எதிரியாக நிற்பவர் வீட்டில் நீதவான் குடிக்கக்கூடாது என்றார். அடுத்த மாதம் அவருக்குத் தூரத்து மாவட்டமொன்றுக்கு இடமாற்றம் வந்தது. நல்ல மனிதரை அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதுவது அநியாயம்.

அவருக்குப் பிறகு மூன்று நீதவான்கள் வந்தார்கள். அவருடைய கட்டளையை மாற்ற ஒருவருக்கும் துணிவு வரவில்லை, ஹுதைபாவை விடுதலை செய்யவும் வரவில்லை. மேலிடத்து ஆலோசனை இன்னும் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு தவணையிலும் சொல்வார்கள், வழக்குக் கோவை மூடப்படும். அமைச்சர் இரண்டு தரம் கட்சி மாறினார். எரிந்த காரியாலயம் கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. வழக்கு மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. ஹுதைபாவின் கடவுச்சீட்டு மன்றில், உம்ரா யாத்திரைக்குக் குடும்பம் அவரை விட்டுவிட்டுப் போனது. பதிவேட்டைக் கொண்டுவர, தமிழ் வாசிக்கத் தெரிந்தவரென்று ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையான கான்ஸ்டபிள் சந்திரகுமாரை நியமித்தார்கள். அவர் மாதாமாதம் வந்து, புதிய கையெழுத்தைத் தேடி, இலக்கமும் இடமும் எழுதிக்கொள்வார். கூடத்துச் சுவர், குசினிக் கதவு, அலுமாரிக் கண்ணாடி. வருடம் போகப் போகக் கையெழுத்தும் பெருத்தது, ஒரு சுவருக்கு இரண்டுக்குமேல் கொள்ளவில்லை. பெயின்ட் கடைக்காரர் தன் வீட்டுக்கு ஏழு வருடமாகப் பெயின்ட் அடிக்கவில்லை, அடித்தால் சாட்சியத்தை அழித்த குற்றமாகும். “இது என்ட ஊடா, பொலிஸ் புத்தகமா?” என்று ஒருநாள் கத்தினார்.

போன மாதக் கடைசி ஞாயிறு சந்திரகுமார் வந்தபோது வீட்டில் இடமில்லை. சுவர், கூரைத் தகடு, கட்டிலின் அடிப்பக்கம் எல்லாம் தேடினார்கள். புதிய கையெழுத்தைக் காணவில்லை. பிற்பகல் மூன்று மணியாயிற்று. பதிவேடு வெறுமையாகத் திரும்பினால் பிணை போய்விடும். பாயிஸா பழைய பையைத் தேட ஆரம்பித்தார். இப்போது உயர்தரம் படிக்கும் நதாதான் முதலில் கண்டாள். கதிரையில் குனிந்திருந்த வாப்பாவின் பிடரியில் ஒரு கறுப்புக் கோடு தொடங்கி, சட்டைக் கழுத்துக்குள் இறங்கியிருந்தது.

“தப்பா நெனைக்காதீங்க நானா, சட்டையக் கொஞ்சம் கழட்டுங்க” என்றார் சந்திரகுமார்.

தோளிலிருந்து இடுப்புவரை இருந்தது. இரண்டு புள்ளிகளும் முதுகெலும்புக்கு இந்தப் பக்கமொன்றும் அந்தப் பக்கமொன்றுமாக விழுந்திருந்தன. சந்திரகுமார் சற்று நேரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பதிவேட்டில் இலக்கத்தை எழுதி, இடம் என்ற கட்டத்தில் ‘ஆள்’ என்று எழுதினார். அடுத்த மாதம் என்ன செய்வது என்று பாயிஸா கேட்டார். “முன்பக்கம் இருக்குத்தானே அக்கா” என்றார் சந்திரகுமார், பகிடியாக அல்ல. ஹுதைபாவும் யோசித்துப் பார்த்து, ஓமென்று தலையாட்டினார். மை காயும்வரை சட்டை போடாமல் கதிரை நுனியில் முதுகு படாதபடி உட்கார்ந்திருந்தார்.