மாப்பிள்ளை செட்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை ஜெமீலின் வீட்டார் நிக்காஹ் நாள் குறிக்க வருவதாக இருந்தது. அதற்கு முந்திய புதன்கிழமை காலையில் என்னைவிட மூத்தவளான என் ராத்தா றிஷானா தலை சீவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"சனூஸா, இண்டைக்கு நீ அவரோட கம்ப்யூட்டர் கடைக்குப் போறாய் தானே. என்ன சாமான் எடுத்தீங்க எண்டு எனக்குத் தேவையில்ல. ஆள் எப்பிடி எண்டு பாத்துட்டு வந்து சொல்லு. அதுக்குப் பிறகுதான் நான் வாப்பாக்கு ஓம் எண்டு சொல்லுவன்."

"எனக்கு ஆக்களப் பத்தி என்ன தெரியும், ராத்தா?"

"தெரிஞ்சவங்க எல்லாரும் நல்லவர் எண்டுதான் சொல்றாங்க. அதான் உன்னக் கேக்கிறன்."

அவள் ஜெமீலை இரண்டு தடவைதான் கண்டிருந்தாள். இரண்டு தடவையும் வாப்பா பக்கத்திலேயே இருந்தார்.

எங்கள் ஊர் கிண்ணியாவில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அறை, கட்டில், அலுமாரி எல்லாம் பெண் பக்கத்தில் செய்து வைக்க வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகு ஊர்ப் பெண்கள் அறை பார்க்க வருவார்கள். எங்கள் வீட்டில் அந்த அறை நானும் ராத்தாவும் படுக்கும் அறைதான். நான் விறாந்தைக்குப் போவதாக முடிவாகியிருந்தது. ஜெமீல் தன் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய உம்மா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "மகனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் இருந்தா நல்லம், வேற ஒண்டும் நாங்க கேக்கல்ல" என்று சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே எனக்கு வாய் கசந்தது.

ஆனால் நான் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் ஹார்ட்வெயார் படிப்பதால், பாகங்களைத் தெரிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்: அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நடுத்தர விலையில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டுவது சின்ன விஷயம் அல்ல. எல்லாவற்றிலும் உச்சமானதை எடுக்கிறவனுக்கு யோசனை தேவையில்லை. நடுவில் நிற்கிறவன்தான் ஒன்றைக் கூட்டினால் எதைக் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும். காசில் கூடிய பங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்தேன். அதற்கு ஈடுகொடுக்க ஆறு கோர் ப்ரொசஸர் போதும். பதினாறு ஜிபி ரேமை ஒரே துண்டாக எடுக்காமல் இரண்டு எட்டாக எடுத்தால் வேகம் கூடும். கேசிங்கின் முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும்; எங்கள் வெக்கைக்குக் கண்ணாடி ஆகாது. பவர் சப்ளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மலிவானதாக இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் கரண்ட் போவதும் வருவதும் விளையாட்டுப் போல. இதையெல்லாம் எங்கள் சுலோஜனா மிஸ்ஸிடம் காட்டினேன். சரி என்றார். வீட்டுக்கு வந்து, அவர் கவனமாகத்தான் பார்த்தாரா என்று யோசித்து, மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன்.

கடை திருகோணமலை டவுனில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது. தனியாகப் போக ஏலாது என்பதால் வகுப்புத் தோழி சுஹைராவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜெமீல் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கதவைத் திறந்து பிடித்தார். எங்கள் இருவருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். குரல் மெதுவாக இருந்தது. இவற்றையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் கிருஷாந்த் என் கையிலிருந்த தாளைப் பார்க்கவே இல்லை. ஜெமீலின் புதுச் சட்டையைப் பார்த்தார்.

"கலியாணமோ?"

"ஓம்."

"அப்ப ஏன் இவ்வளவு கஷ்டப்படுறியள்? எங்களிட்ட மாப்பிள்ளை செட் இருக்கு."

அவர் ஒரு பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டார். மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே ஏழெட்டு விசிறிகள் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறி எரிந்தன. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே இருந்தது எப்போதோ ஏதோ அலுவலகத்தில் உழைத்துக் களைத்த பழைய மதர்போர்ட். அதன் மூலைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"இதுல கேம் ஓடாதே" என்றேன்.

"தங்கச்சி, அறை பாக்க வாற சனம் கேம் விளையாடவோ வருது?" என்றார் கிருஷாந்த். "போன மாசம் மட்டும் நாலு குடுத்தனான். ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வரேல்ல."

சுஹைரா என் காதருகே, "சந்தனக்கூட்டுக்கு லைட் கட்டின மாதிரி இருக்குடி" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெமீலின் முகத்தில் அந்தச் சிவப்பும் பச்சையும் விழுந்துகொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்த பார்வை, பசித்தவன் சாப்பாட்டைப் பார்ப்பது போல இருந்தது.

"மச்சாள், இந்தக் கேசிங்க எடுப்பம்" என்றார். "உள்ளுக்குப் போடுறத நீங்க சொல்ற மாதிரியே போடுவம்."

கேசிங்கும் விசிறிகளும் கிராபிக்ஸ் கார்டின் பங்கைத் தின்றுவிட்டன. அதற்கு வழியாகக் கிருஷாந்த் உள்ளேயிருந்து யாரோ பாவித்த பழைய கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் விசிறிகளில் கோப்பி நிறத்தில் பிசின் படிந்திருந்தது. சிகரெட் புகையும் தூசியும் சேர்ந்து இறுகிய பிசின். தகடுகளுக்கு நடுவில் கரப்பானின் கால்கள் இரண்டு. வாடை மூக்கில் ஏறியதும் ஐஸ்கிரீம் கரண்டியைக் கோப்பையிலேயே விட்டேன். ஜெமீல் அந்தப் பிசினை விரலால் வழித்தார், மோந்து பார்த்தார், பிறகு விரலை நான் எடுத்து வைத்திருந்த புது ப்ரொசஸர் பெட்டியில் துடைத்தார்.

"தின்னர் போட்டுத் துடைச்சாப் புதுசு மாதிரி வந்துரும்" என்றார்.

அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. ஒரு மனிதனை விரல் துடைத்ததற்காக வெறுக்கலாமா என்று என்னையே கேட்டேன். இது கார்டின் மேல் வந்த அருவருப்பு, ஆளின் மேல் வந்தது அல்ல என்று பிரித்து வைக்கப் பார்த்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்தன.

கடைசியில் பவர் சப்ளை. கிருஷாந்த் நீட்டியதில் எழுநூறு வாட் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. கையில் வாங்கினால் காலி பிஸ்கட் டின் போலிருந்தது. இப்படியொன்றை வகுப்பில் கழற்றிப் பார்த்திருக்கிறோம். உள்ளே இருக்க வேண்டியதில் பாதி இருக்காது.

"இது ஏலாது, மச்சான்" என்றேன். அந்தக் கடையில் நான் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான். "எல்லாத்தையும் மாத்துங்க, இத மட்டும் நல்லதா எடுங்க. கரண்ட் கூடிக் குறைஞ்சா இது பத்தி எரியும். விசிறியில ரெண்ட விட்டாலே நல்லது ஒண்டு எடுக்கலாம்."

"விசிறியக் குறைச்சா முன்பக்கம் இருட்டா இருக்குமே."

"இருக்கட்டும்."

ஜெமீல் சிரித்தார். கிருஷாந்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"எரிஞ்சா எரியட்டும் மச்சாள். எரியப் போறது மாமாட வீடுதானே, எங்கட இல்லையே!"

கிருஷாந்தும் சிரித்தார். சுஹைரா சிரிக்கவில்லை. நான் கையிலிருந்த ஐஸ்கிரீம் கோப்பையைப் பார்த்தேன். அதைத் தந்தது அவர்தான் என்பது நினைவுக்கு வந்தது. வைத்துவிட முடியாமல் மிச்சத்தையும் தின்று முடித்தேன்.

எங்கள் வாப்பா நாளை வந்து காசு தருவார் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கச் சொன்னார் ஜெமீல். பஸ் பாலத்தைத் தாண்டியதும் நான் சுஹைராவின் பக்கம் திரும்பினேன்.

"பகிடிதான் விட்டார், என்ன?" என்றேன்.

"பகிடிதான்" என்றாள் அவள். "என்ட வீட்டப் பத்தி விட்டிருந்தா, கோப்பையோட மூஞ்சில அடிச்சிருப்பன்."

ராத்தா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னேன். கதவு திறந்து பிடித்ததை முதலில் சொன்னேன், ஐஸ்கிரீமையும் சொன்னேன். மெல்லிய குரல், விரல், பெட்டி எல்லாம் சொன்னேன். கடைசியில் அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

"சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?"

"ஓம். பகிடிக்கு. எனக்குத்தான் பெரிசாத் தெரியுதோ என்னமோ, ராத்தா. பாகமெல்லாத்தையும் மாத்தின கோவத்துல நான் கூட்டிச் சொல்றன் போல."

"நீ கூட்டல்ல." அவள் கையைக் கழுவினாள். "அந்தப் பெட்டிய எந்த அறையில வைக்கிறது?"

"எங்கட அறையில."

"ராத்திரி அதுல ஆரு படுக்கிறது?"

அவள் மீன் சட்டியை மூடி வைத்தாள்.

"அவருக்கு ஞாபகம் வரல்ல பாத்தியா" என்றாள். "பகிடி விடுறப்பகூட, உள்ளுக்க நான் இருப்பன் எண்டு ஞாபகம் வரல்ல."

அவள் நேரே வாப்பாவிடம் போனாள். வாப்பா முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார். "ஒரு பெட்டிக்காகக் கலியாணத்தக் குழப்புறியா? ஊருக்கு என்ன சொல்ல?" பிறகு என் பக்கம் திரும்பினார். "இவள வகுப்புக்கு விட்டதுதான் பிழை." நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தா குரலை உயர்த்தவே இல்லை. "பெட்டிய வேணுமெண்டா வாங்கிக் குடுங்க வாப்பா, சந்தோசமா விளையாடட்டும். நான் அவரக் கட்ட மாட்டன்" என்றாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பே வாப்பா போனில் பேசிக் கலியாணத்தை நிறுத்திவிட்டார். அன்று அவர் பகல் சோறு தின்னவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெமீலிடமிருந்து எனக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. சலாம் சொல்லியிருந்தார். ராத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்ற கேள்வியும் இல்லை.

"மச்சாள், நான் என்ட காசுல ஒண்டு கட்டுறன். நீங்க முதல் சொன்ன பார்ட்ஸ்தான் நல்லம் எண்டு கூட்டாளிமாரும் சொல்றாங்க. அந்த விபரத்த அனுப்புங்களே."

தன் காசு என்று வந்ததும் நல்ல பாகங்கள் தேவைப்பட்டிருக்கின்றன. அதைவிட, மச்சாள் என்ற அந்த உறவுச் சொல்லை அவர் மாற்றவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ராத்தாவிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, கையில் ஏதோ ஒட்டியது போல போனைத் திருப்பித் தந்தாள்.

"அழிச்சுரு" என்றாள்.

நான் அழிக்கவில்லை. அவருக்கும் ஒரு உம்மா இருக்கிறார், அவர்களும் ஒரு வீட்டில் படுக்கிறார்கள் என்று தோன்றியது. ப்ரொசஸரையோ கார்டையோ எழுதவில்லை. எந்த பவர் சப்ளை, எத்தனை வாட் என்பதை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு அவருடைய நம்பரைத் தடை செய்தேன். தடை செய்யாதிருந்தால் உடனே பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த விரலை நினைத்ததும் எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன்.