‘ஆச்சு’ சொன்ன பிறகு எடுத்த படம்

அந்தப் பேட்டையில் ஸ்டூடியோக்காரரிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு நொந்துபோகாதவர் ஒருவரும் இல்லை. பாஸ்போர்ட், லைசென்ஸ், வாக்காளர் அட்டை என்று எதற்குப் படம் வேண்டுமென்றாலும் அவருடைய முக்காலியில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். படத்தைக் கையில் வாங்கியதும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே கேள்வி.

“இது நானா?”

“நீங்கதாங்க.”

“யார் வீட்டுப் பெட்டியையோ தூக்கிட்டு ஓடினவன் மாதிரி இருக்கே!”

“முகம் உங்களோடது. நான் பட்டனை அமுக்கினவன், அவ்வளவுதான்.”

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அரசாங்கத்துக்குப் பிடித்த முகமே அப்படி. சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது, இரண்டு காதும் தெரிந்தே ஆகவேண்டும். “தாடையை இறக்குங்க... கண்ணாடியைக் கழட்டுங்க... அசையாதீங்க... ஆச்சு!” என்பார். அந்த ‘ஆச்சு’ காதில் விழுந்த பிறகுதான் உட்கார்ந்திருப்பவருக்குப் போன உயிர் திரும்பி வரும்.

ஆனால் அவர் நெஞ்சுக்குள் ஒரு முள் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் எடுத்த ஒரு படத்தைக்கூட யாரும் சுவரில் மாட்டியதில்லை. அட்டையை நீட்டும்போதுகூடக் கட்டைவிரலால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் நீட்டினார்கள். போகட்டும் என்றால், அவர் வீட்டுக் கூடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது அவர் சகலை எடுத்த சூரிய அஸ்தமனம். மச்சினி ஆசையாகக் கொடுத்தது, கழற்றவும் முடியாது. தினமும் மூன்று வேளையும் அந்தச் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, அவருக்கு வெயில் என்றாலே வயிறு மந்தமாகிவிட்டது.

சகலைக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. மற்ற நேரமெல்லாம் காமிரா. அதில் அவர் மாட்டியிருந்த லென்ஸைப் பார்த்தால் பீரங்கி வெட்கப்படும். அவர் ஒரு பூவைப் படமெடுக்க நின்றால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

இப்படியிருக்கையில், குடியிருப்போர் சங்கத் தலைவி ஒரு போட்டி அறிவித்தார். தலைவிக்கு மருந்துக்கடை. அதனால் எல்லோருக்கும் அவர் மருந்துக்கடை அம்மா. கூட்டத்தில் அமைதி வேண்டுமென்றால் இருமல் மருந்துப் பாட்டிலால் மேசையைத் தட்டுவார்.

“மக்களாட்சியும் நம்ம பங்கும்! இதான் தலைப்பு. இந்தப் பேட்டைக்காரங்க யார் வேணும்னாலும் படம் எடுத்து அனுப்பலாம். ஜெயிக்கிற படத்தைச் சட்டம் போட்டு, நம்ம சங்கக் கூடத்துச் சுவர்ல நிரந்தரமா மாட்டுவோம்.”

“நடுவர் யாருங்க?” என்றார் சகலை, நடுவரை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தில்.

“மக்களாட்சிப் போட்டிக்கு நடுவர் எதுக்கு? எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணுவோம்.”

ஸ்டூடியோக்காரர் காதில் ‘நிரந்தரமாக’, ‘சுவரில்’ என்ற இரண்டு சொற்கள்தான் விழுந்தன. அன்றைக்கே காமிராவைத் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு பொதுத் துப்புரவு நாள். தெருவே துடைப்பமும் கூடையுமாக இறங்கியிருந்தது. பேருந்து ஓட்டுநர் சாக்கடை அடைப்பை நோண்டிக்கொண்டிருந்தார், பல் டாக்டர் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார், தையல்காரர் யார் எப்படி அள்ள வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தார். மக்களாட்சி என்றால் இதுதான் என்று ஸ்டூடியோக்காரர் காமிராவைத் தூக்கினார்.

தூக்கியதுதான் தாமதம். ஓட்டுநர் துடைப்பத்தைத் துப்பாக்கி மாதிரி நட்டுக்கொண்டு விறைத்து நின்றார். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். தையல்காரர் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். தெரு முழுக்க ஒரே நேரத்தில் தாடையை இறக்கி, வாயை மூடி, கண்ணை அகல விரித்தது. எத்தனை வருஷப் பழக்கம்! நகராட்சி உரிம வில்லைக்காக ஒருமுறை அவரிடம் படம் எடுத்துக்கொண்ட நாய் ஒன்று, அதுவும் வாலை நிறுத்தி இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு நேராகப் பார்த்தது.

“ஐயோ, இயல்பா இருங்க!” என்று கத்தினார் ஸ்டூடியோக்காரர்.

“சிரிக்கலாமா?” என்றார் ஓட்டுநர், உதடு அசையாமல்.

“சிரிங்க!”

“அப்புறம் செல்லாதுன்னு திருப்பி அனுப்பிடப் போறாங்க.”

கடையில் படங்களை அச்சுப் போட்டு, ஓரம் வெட்டுகிற வேலை எப்போதும் அவர் மனைவியுடையது. அன்று துப்புரவுப் படத்தைப் பார்த்ததும் அவர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

“ஏங்க, இது துப்புரவா? இல்ல, மொத்தத் தெருவும் வெளிநாடு போகுதா?”

அந்த நேரம் பார்த்துத்தானா சகலை நுழைய வேண்டும்? தன்னுடைய படத்தைப் பெரிதாக அச்சுப் போட வந்திருந்தார். வாக்களித்த மை காயாத ஒரு விரல், அதன் நுனியில் உருண்டையாக மறைகிற சூரியன். விரல் மச்சினியுடையது. மை, பேனா மை. மூன்று சாயங்காலம் மொட்டைமாடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றதில் அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, மருந்துக்கடை அம்மாவுக்கு நல்ல வியாபாரம்.

மேசைமேல் கிடந்த துப்புரவுப் படத்தைச் சகலை எட்டிப் பார்த்தார்.

“என்ன சகலை, இவங்களையெல்லாம் எந்தக் கேஸ்ல பிடிச்சாங்க?”

“உங்க சூரியன் இன்னைக்காவது முழுசா மறையுமா சகலை? இல்ல, பாதியிலயே நிக்குமா?” என்று திருப்பிக் கொடுத்தார் ஸ்டூடியோக்காரர். ஆனால் குரலில் வலு இல்லை.

சகலை போன பிறகு முக்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார். “விடும்மா. என் காமிராவைப் பார்த்தா மனுஷன் மரக்கட்டை ஆயிடுறான். என் ராசி அது.”

மனைவி கத்தியை எடுத்துக்கொண்டே, “ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க ‘ஆச்சு’ன்னதும் காமிராவைப் பார்த்துக் குனிஞ்சிடுறீங்க. அப்ப நான்தானே அவங்களைப் பார்க்கிறேன்? பல் டாக்டர் கண்ணாடி முன்னால நாக்கை நீட்டிப் பார்த்துக்குவாரு. மருந்துக்கடை அம்மா உள்ள பிடிச்சு வச்ச வயித்தை அப்படியே விடுவாங்க. அந்த நேரத்துல இந்த ஊர்லயே அவங்களை மாதிரி உயிரான ஜனம் கிடையாது” என்றார்.

ஸ்டூடியோக்காரர் முக்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அந்த வாரம் சங்கக் கூட்டம். நகராட்சி ஒரே ஒரு பெஞ்சு தந்திருந்தது. அதைப் பேருந்து நிறுத்தத்தில் போடுவதா, பூங்காவில் போடுவதா என்பதுதான் விஷயம். நாடு பிரிகிற பேச்சுகூட அவ்வளவு சூடாக நடந்திருக்காது.

“பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கால் என்ன இரும்பா?” என்றார் ஓட்டுநர்.

“பூங்காவுல நடந்து களைச்சவங்க எங்க உட்காருவாங்க? என் தலையிலயா?” என்றார் பல் டாக்டர்.

“களைக்கிறதுக்குத்தானே நடக்கிறீங்க!”

அப்போது ஸ்டூடியோக்காரர் முன்னால் வந்து ஒரு நாற்காலிமேல் ஏறினார். “ஒரு நிமிஷம், எல்லாரும் இப்படிப் பாருங்க!”

கூடம் உறைந்தது. கண்ணாடிகள் கழன்றன, காதுகள் வெளியே வந்தன. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த சகலைகூட விழித்துத் தாடையை இறக்கினார்.

“அசையாதீங்க... அசையாதீங்க... ஆச்சு!”

பட்டனை அவர் தொடவே இல்லை. கூடம் பெருமூச்சு விட்டது. விட்ட இடத்திலிருந்து சண்டை இரண்டு மடங்கு வேகத்தில் கிளம்பியது. சகலை விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தார். “பஸ் நிறுத்தத்துக்குக் கை தூக்குங்க!” என்று மருந்துக்கடை அம்மா கத்தினார். அப்போது அமுக்கினார் ஸ்டூடியோக்காரர்.

போட்டி நாளன்று அந்தப் படத்தைப் பார்க்கக் கூடத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்தால், ஏதோ விபத்து நடந்த இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். படத்தில் மருந்துக்கடை அம்மா பாட்டிலைத் தலைக்குமேல் ஓங்கிக்கொண்டு, கடைவாய்ப்பல்வரை தெரிய வாயைப் பிளந்திருந்தார். அவ்வளவு பல்லும் பக்கத்தில் இருந்தும் பல் டாக்டர் அதைக் கவனிக்காமல், கூட்ட அறிவிப்பை மடித்துத் தன் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஒற்றைக்காலில் நின்று, நிறுத்தத்தில் காத்திருப்பவர் படும் பாட்டை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். முன்வரிசையில் சகலை பீரங்கி லென்ஸைக் கட்டிப்பிடித்து, அதன்மேல் கன்னத்தை வைத்து, வாய் திறந்து உறங்கினார்.

கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் முகத்தைக் கண்டுபிடித்தார்கள். சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

“தலைவிங்கற முறையில சொல்றேன்” என்றார் மருந்துக்கடை அம்மா. “படம் பிரமாதம். என்னை மட்டும் வெட்டி எடுத்துடுங்க.”

“என்னையும்” என்றார் பல் டாக்டர். “இதைப் பார்த்தா எவன் என்கிட்ட வாயைத் திறப்பான்?”

“என்னையும்தான். பூங்காவுக்கும் நான் கை தூக்கினேன்னு இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுது” என்றார் தையல்காரர்.

எல்லோரையும் வெட்டினால் மிச்சம் ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு புத்தக அலமாரியும் நாலு காலி நாற்காலியும்தான். இப்படியெல்லாம் ஆகுமென்று தெரிந்தோ என்னவோ, மனைவி வெட்டுக்கத்தியையும் பலகையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். “யாரை வெட்டணும்னு சீக்கிரம் சொல்லுங்க. கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்.”

“அதெப்படி, அவங்கவங்க இஷ்டத்துக்கு?” என்றார் ஓட்டுநர். “ஓட்டுக்கு விடுங்கம்மா. ஒவ்வொருத்தரா.”

மருந்துக்கடை அம்மாவுக்கு வேறு வழியில்லை. “சரி. தலைவியை வெட்டணும்கிறவங்க கை தூக்குங்க.”

ஒரு கை எழுந்தது. அவருடையதுதான்.

“வேண்டாங்கிறவங்க?”

கூரை இடிக்கிற மாதிரி எழுந்தன கைகள். “அந்தப் பாட்டில் இல்லாம மக்களாட்சி ஏதும்மா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பல் டாக்டரை வெட்டலாமா? அவர் ஒருவரைத் தவிர யாருக்கும் சம்மதமில்லை. முக்கியமாக மருந்துக்கடை அம்மாவுக்கு. தையல்காரர் இந்த முறை ஒரு கையை மட்டும் தூக்கினார், அதுவும் வீண். ஓட்டுநர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதை நினைத்து நொந்துகொண்டே தோற்றார். சகலை எழுந்து, “நான் தூங்கல, கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்” என்று ஆரம்பித்தபோது, அவரை வெட்டக் கூடாதென்று முதலில் தூக்கிய கை மச்சினியுடையது. விரல் நுனியில் பேனா மை இன்னும் போகவில்லை. “தோள்பட்டை வலிக்குது. இருந்தாலும் தூக்குறேன்” என்றார் அவர்.

இப்படி ஒருவரும் தப்பவில்லை. தன் முகம் யாருக்கும் பிடிக்கவில்லை, அடுத்தவர் முகத்தை விட்டுக்கொடுக்கவும் யாருக்கும் மனமில்லை. வெட்டுக்கத்தி சும்மாவே கிடந்தது. பிறகு போட்டிக்கான ஓட்டு நடந்தது. விரல்நுனிச் சூரியனுக்குச் சகலையின் கை மட்டும் தனியாக நின்றது. ஸ்டூடியோக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கக் கைக்குட்டை தேடினார்.

“ஒரு நிமிஷம்” என்றார் மருந்துக்கடை அம்மா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்கு மூக்கு உரசும்படி குனிந்தார். கூட்டத்துக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவில் ஏதோ தெரிந்தது. “இது யாரு? நாற்காலிமேல?”

எல்லோரும் குனிந்தார்கள். ஒரு கண்ணை இறுக மூடி, இடுப்பைப் பின்னால் தள்ளி, நாக்கை வாயின் வலது ஓரத்தில் ஒரு முழம் நீட்டிக்கொண்டு ஒருவர் காமிராவோடு நின்றார். சட்டை ஒரு பக்கம் வெளியே தொங்கியது.

ஸ்டூடியோக்காரர் நெருங்கிப் பார்த்தார். மற்றவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து மகிழ்ந்ததில் அலமாரிப் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை.

“இது... நானா?”

“நீங்கதாங்க!” என்றது கூடம்.

“ஒரு சின்ன மாற்றம். அந்த அலமாரி மூலையை மட்டும்...” என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி கத்தியை உறைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கினார். தையல்காரரும் இரண்டு கையையும் தூக்கினார். சகலை கையோடு லென்ஸையும் தூக்கினார்.

“முகம் உங்களோடது!” என்று எல்லோரும் ஒரே குரலில் முழங்கினார்கள். பாட்டில் மேசையில் இறங்கியது. தீர்மானம் நிறைவேறியது.

சட்டம் போட்ட படத்தை வேறு யாரும் தொட அவர் விடவில்லை. தானே நாற்காலிமேல் ஏறி, கூடத்தின் நட்டநடுச் சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார். ஓங்கும்போதே ஒரு கண் மூடியது, இடுப்பு பின்னால் போயிற்று.

“ஏங்க, நாக்கு!” என்றார் மனைவி கீழிருந்து.

“இருக்கட்டும் விடும்மா. உள்ள இழுத்தா ஆணி கோணலாப் போயிடும்.”