அத்தான் ஒட்டிய கை

உதடு அசையாமல் பொம்மையைப் பேச வைப்பவர் என்று அவளுடைய அக்காவின் கணவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டார். உதடு நன்றாகவே அசையும். மறைக்க மீசை வளர்த்துப் பார்த்தார். மீசையும் கூடச் சேர்ந்து அசைந்தது. இதை அவரிடம் எடுத்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

புதுப் பொம்மைக்குத் தலையைக் கடையில் வாங்கிவிட்டு, தானே செதுக்கியதாகத் தம்பட்டம் அடித்தார். பொருத்தமான கை கால்தான் எங்கேயும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அவருக்குக் கொழுந்தியாள் நினைவு வந்தது.

அவள் துணிக்கடைப் பொம்மைகள் செய்யும் பட்டறையில் பதினோரு வருடமாகக் கை செய்கிறவள். ஒரே அச்சு, ஒரே வளைவு, எதையும் பிடிக்காத விரல்கள். அலுத்துப்போயிருந்தாள். எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்குக் குழந்தைகள் நாடகக் குழு நடத்தும் அம்மாள் வருகிறார், பொம்மை செய்ய ஆள் தேடுகிறார், மேடையிலேயே உன்னைப் பற்றிச் சொல்கிறேன் என்றார் அத்தான். அவர் யோக்கியதை தெரிந்தும் நம்பித் தொலைத்தாள்.

மூன்று வாரம் மாங்கு மாங்கென்று உழைத்தாள். இலேசான மரத்தில் இரண்டு கை செதுக்கினாள். இடது கை மடியில் விரிந்து கிடக்கும். வலது கை சுட்டுவிரலை நீட்டிக் கூட்டத்தைக் கேலி செய்யும். கனம் இல்லாவிட்டால் கால் ஒழுங்காகத் தொங்காது என்று மரப் பாதத்தின் குதிகாலைக் குடைந்து ஈயக்குண்டு வைத்தாள். முழங்கால் மடங்குவதற்காக அந்த இடத்தில் பஞ்சு அடைக்காமல் துணியைத் தைத்தாள். அக்கா வீட்டுக்குப் போய்க் கால்களைப் பொருத்தி முடித்தபோது, அத்தான் கைகளை எடுத்துக்கொண்டார்.

"இத நானே மாட்டிக்கறேன். அப்பதான் நானே செஞ்சதுன்னு மேடையில மனசாரச் சொல்ல முடியும்."

"என்னைப் பத்திச் சொல்றேன்னீங்களே அத்தான்?"

"நீ கூடமாட ஒத்தாசை பண்ணின. அதையெல்லாமா சொல்லிட்டிருப்பாங்க?"

வலது என்றால் பொம்மைக்கு வலது, எதிரே நிற்கிறவருக்கு இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பசை வேண்டாம், நூலால் கட்டித் தளர விடுங்கள் என்றும் சொன்னாள். எனக்கே பாடமா என்று சிரித்தார் மகானுபாவர்.

விழா அன்று மேடைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்தார். இரண்டு கட்டைவிரலும் வெளிப்பக்கம் பார்த்தன. பொம்மையை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, தன் வலது பக்கத்தில் வலது கையை ஒட்டியிருக்கிறார். அதுவும் விறைப்பாக, மேலே தூக்கினாற்போல. கை மாறியிருக்கிறது என்று அவள் சொன்னதும், நல்ல நேரத்தில் வாயை வைக்காதே என்று விரட்டினார். எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று அவள் வந்து கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் பொம்மையை வலது தொடையில் இருத்தி, முழுக்க முழுக்கத் தன் உழைப்பு என்று ஆரம்பித்தார். கூட்டத்தைக் காட்ட வேண்டிய விரல் அவர் வாயைக் காட்டியது. பொம்மை 'வணக்கம்' என்றது. விரல் மீசையைத் தொட்டது. பொம்மை ஒரு ஜோக் சொன்னது. கூட்டம் முழுக்க விரல் காட்டிய இடத்தைத்தான் பார்த்தது. முதல் வரிசையில் ஒரு குழந்தை, பொம்மை பேசவில்லை, மாமாதான் பேசுகிறார் என்று அம்மாவிடம் விளக்கியது. சிரிப்பு பின்வரிசை வரை போனது. அத்தான் கையைத் தள்ளிப் பார்த்தார், திருகிப் பார்த்தார். பசை மட்டும் முதல் தரம்.

கடைசியில் எழுந்தேவிட்டார்.

"இது நான் செஞ்சதில்லைங்க. கையும் காலும் என் கொழுந்தியா செஞ்சது. அதோ உக்காந்திருக்கா பாருங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. நாடகக் குழு அம்மாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கால் நீங்க பொருத்தினதா? அவ்வளவு அழகாத் தொங்குது."

"ஆமாங்க. கையும் நான் செஞ்சதுதான். ஒட்டினது மட்டும் அவரு."

"அது பாத்தாலே தெரியுது. திங்கக்கிழமை வந்து என்னைப் பாக்கறீங்களா?"

வருவதாகச் சொன்னாள். மேடையில் அத்தான் இன்னும் அவள் செய்தது, அவள் செய்தது என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைவதை அவள் முதல் தடவையாக ஆசையோடு பார்த்தாள்.