மூன்றாம் பொயின்றின் குமிழ்

2025 நவம்பர் 11, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. மூன்றாம் பொயின்றின் கம்பி இறுகுகிறது என்று எழுதியிருந்தேன். அது இறுகவில்லை. இன்று வகுப்பில் கனிசியஸ் அந்தக் கம்பியை முழுதாக உருவி எடுத்து, மெழுகுதிரியால் தேய்த்து, திரும்பப் போட்டுக் காட்டினான். ஒரு விரலால் தள்ளினான், போனது. ஒரு விரலால் கொளுவி இழுத்தான், வந்தது.

"உதிலை என்ன இறுக்கம், கிளாக்கர் அம்மா? சவுக்காரம் பூசின மாதிரி வழுக்கிக்கொண்டு போகுது."

கந்தோர் கிளாக்கர் மாதிரி நான் எல்லாவற்றையும் எழுதிவைப்பதால் அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். குருநகர்ப் பெடியன், அவன் வாய்க்குத் தப்பியவர் வகுப்பில் யாரும் இல்லை.

பிறகு குழம்பாமல் இருக்க முறைப்படி எழுதுகிறேன். பகலில் எனக்குப் போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. பின்னேரத்தில் யாழ்ப்பாணத்தில் மின்னியல் வகுப்பு. மாத முடிவில் வகுப்பின் கண்காட்சி. கனிசியஸின் மச்சான் ஜேர்மனியிலிருந்து அனுப்பிய பழைய விளையாட்டு ரயிலை வைத்து ஒரு மேசையில் சின்ன ஸ்ரேசன் செய்கிறோம். ரயில் ஒரு பாதையிலிருந்து அடுத்த பாதைக்குப் பிரியும் இடத்தைத்தான் பொயின்ற் என்பது. எங்கள் மேசையில் மூன்று இருக்கின்றன. அவற்றுக்கு மோட்டர் வேண்டாம், கையாலேயே திருப்புவோம் என்று தியாகராசா சேர் சொல்லிவிட்டார். எதை வைத்துத் திருப்புவது என்று தெரிவுசெய்யும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார். வியாழக்கிழமை நான் சொல்ல வேண்டும். சொன்னவுடன் பலகையில் துளை போட்டுவிடுவார்கள். பிறகு மாற்ற முடியாது.

வழிகள் மூன்று. மூன்றையும் இப்போதைக்குத் துளை போடாமல் தற்காலிகமாகப் பூட்டிப் பார்க்கிறோம். பொயின்றுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன லீவர் வைக்கலாம், விரல்நுனியால் தட்டினால் போதும். பலகைக்கு அடியில் சிலைட் சுவிச் வைத்து அதில் கம்பி கட்டலாம். அல்லது சைக்கிள் சில்லுக் கம்பியைப் பலகையின் அடியால் கொண்டுவந்து, மேசை விளிம்பில் அதன் நுனியில் மேசை லாச்சியை இழுத்துத் திறக்கும் உருண்டைக் குமிழ் ஒன்றைப் பூட்டி, இழுத்தும் தள்ளியும் திருப்பலாம். உள்ளே ஒரு பேனை ஸ்பிரிங், கம்பி நின்ற இடத்தில் நிற்பதற்கு.

சுவிச்சை இன்றே பட்டியலிலிருந்து வெட்டிவிட்டேன். அதன் நகர்வு போதாது. தண்டவாளம் முழுதாக ஒட்டுவதில்லை. மிஞ்சியவை லீவரும் குமிழும்.

குமிழில் நடப்பது இதுதான். பிடித்து இழுக்கிறேன். பொயின்ற் திரும்புகிறது. 'டிக்' என்று கேட்கிறது. இனிக் கையை எடுக்க வேண்டும். விரல்கள் வருவதில்லை. குமிழைச் சுற்றியே நிற்கின்றன. விடு என்று நினைக்கிறேன். அவை மெல்ல, ஒவ்வொன்றாக, நித்திரையால் எழும்புவது போல விரிகின்றன. அந்தக் கணத்தைத்தான் நேற்றுக் கம்பியின் இறுக்கம் என்று எழுதினேன்.

திரும்பத் திரும்ப இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தால் விரல் விரிவது வர வரச் சுகமாகிறது. கம்பி பழகுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் எழுதி வைத்தேன். ஆனால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பிடித்தால் திரும்பவும் பழையபடி. கம்பியா தேத்தண்ணி குடித்தது?

மழைக் குளிராக இருக்கலாம். குளிர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 12, புதன்

குளிர் இல்லை. காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டில் நின்றுகொண்டு அகப்பைக் காம்பை இறுக்கிப் பிடித்து விட்டுப் பார்த்தேன். அதேதான். கடையில் கதவுப் பிடி, அதிலும் அதே. ஒன்றைத் தேடத் தொடங்கினால் எங்கும் அதுதான் தெரியும் என்பதும் உண்மை. ஆகவே இதையும் முழுதாக நம்பக்கூடாது.

அப்பாவைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது.

அப்பா ஜெபரட்ணம் ஞாயிறு ஆராதனை முடிய சேர்ச் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார். கொடுத்த கையை விடமாட்டார். "ஜெபரட்ணத்தாரிட்டைக் கை குடுத்தால் காணிக்கை போட்டால்தான் விடுவார்" என்று சனம் சிரிக்கும். அன்பான மனுசன் என்பார்கள். அப்பாவும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அவரால் விட முடியவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு கண்ணிமை சரிந்தது. படி ஏறுவது கஷ்டமானது. ஒரு நாள் காலை கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்தார். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். வாளிக் கயிற்றை அவருடைய கையிலிருந்து எடுத்தது அம்மா.

அதற்கு முந்திய வருடம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டொக்டர் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. இது குடும்பத்தில் வருகிற தசை வருத்தம், இருதயத்தையும் பிடிக்கும். பிள்ளைக்கு வரலாம், வராமலும் விடலாம். வளர்ந்த பிறகு ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள். வருத்தம் வந்திருந்தால் இருதயத்தையாவது நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் போகவில்லை. இப்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

பின்னேரம் வகுப்பு இல்லை. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அம்மா, அப்பாவுக்கு எத்தினை வயசிலை துவங்கினது?"

துருவிய கை நின்றது.

"என்னத்துக்கு உதெல்லாம் இப்ப?"

"சும்மா."

"சும்மா கேக்கிற கேள்வியே உது? போய்க் கொடியிலை கிடக்கிற உடுப்பை எடு. மழை வருது."

எடுத்துக்கொண்டு வந்தேன். மழை வரவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். சீனிப் போத்திலுக்குள் திரும்பவும் எறும்பு. அம்மா மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்துவிடுகிறா. எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இன்று கொஞ்சம் கத்தியும் விட்டேன். கத்தியிருக்கக் கூடாது. பயத்தை எங்கேயோ இறக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 13, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

"சேர், லீவர்தான் நல்லம்" என்று சொன்னேன். காரணங்களும் சொன்னேன்: செய்வது சுகம், பழுதானால் உடனே தெரியும், கம்பி வளையாது. எல்லாம் உண்மையான காரணங்கள். என் காரணம் அவற்றுள் இல்லை. லீவரை யாரும் பிடிக்கத் தேவையில்லை, தட்டினால் போதும்.

கோப்பாயிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற உதயகலா ஒத்துக்கொள்ளவில்லை.

"லீவர் எண்டால் மூண்டாவது பொயின்றுக்கு மேசைக்கு மேலாலை கை நீட்ட வேணுமடி. சட்டைக்கை பட்டு இடையிலை நிக்கிற சிக்னல் கம்பம் விழும். கண்காட்சிக்கு வாற சின்னப் பிள்ளையளும் கையைப் போடுவினம். விளிம்பிலை குமிழ் எண்டால் ஒரு கரைச்சலும் இல்லை."

அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கு முதலே தெரியும்.

"ரெண்டு பேரும் வழக்காடாதேங்கோ" என்றார் சேர். "ரயிலைக் கேப்பம். ஜெயனி, நீயே ஓட்டு."

முதலில் லீவர். மூன்றாம் பொயின்றுக்குக் கை நீட்டினேன். சட்டைக்கை பட்டுச் சிக்னல் விழுந்தது.

பிறகு குமிழ். ஸ்ரேசனின் பக்கப் பாதையில் சாமான் பெட்டிகள் நின்றன. எஞ்சின் சுற்றி வரும்போது முதலாம் குமிழை இழுத்து அதை உள்ளே எடுத்து, உடனே மூன்றாம் குமிழைத் தள்ளி, பெட்டிகளில் முட்டாமல் விலக்கி அனுப்ப வேண்டும். இடக்கை வேகம் கூட்டிக் குறைக்கும் திருகில். வலக்கையால் முதலாம் குமிழை இழுத்தேன். 'டிக்'. எஞ்சின் உள்ளே வந்தது. கை வரவில்லை.

இரண்டு குமிழ்களுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான். எஞ்சின் வந்துகொண்டிருந்தது. விரல்களைப் பார்த்தேன். வேகத்தையாவது குறைத்திருக்கலாம். பயத்தில் இடக்கையும் திருகை இறுக்கிப் பிடித்திருந்தது, அதுவும் அசையவில்லை. எஞ்சின் போய்ப் பெட்டிகளில் முட்டியது. கடைசிப் பெட்டி மேசையிலிருந்து விழுந்து அதன் கொளுக்கி உடைந்தது.

"ஐயோ, மச்சானுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்!" கனிசியஸ் தலையில் கை வைத்தான். "கிளாக்கர் அம்மா குமிழைக் கலியாணம் கட்டிப்போட்டா. இனி விடமாட்டாவாம்!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். சேர்ச் வாசலில் கேட்டிருக்கிறேன்.

உதயகலா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அது குமிழில்தான் இருந்தது.

"என்னடி, குளிரோ?"

"ஓம். குளிர்."

சேர் விழுந்த பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப குமிழ் சரிவராது போலை. இழுக்கவே இவ்வளவு நேரம் எடுக்குது. லீவரைப் போட்டு, சிக்னலைக் கொஞ்சம் தள்ளி வைப்பமே?"

ஓம் என்று சொன்னால் முடிந்துவிடும். துளை போட்டுவிடுவார்கள். இந்தக் குமிழை நான் இனித் தொடவே தேவையில்லை. யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். வாய்வரை வந்தது. ஆனால் கம்பியில் இல்லாத பிழையைக் கம்பியின் தலையில் நான் ஏற்கெனவே ஒரு தடவை போட்டுவிட்டேன். இன்னொரு தடவை போட்டால், வீட்டுக்குப் போய் அதை நானே நம்பிவிடுவேன்.

"குமிழிலை பிழை இல்லை, சேர்" என்றேன். "என்ரை கைதான் விடுகுதில்லை. உதயகலாவை இழுக்கச் சொல்லிப் பாருங்கோ."

அவள் இழுத்தாள், தள்ளினாள். எஞ்சின் பெட்டிகளை விலகிச் சுற்றிப் போனது. கனிசியஸ் உடைந்த பெட்டியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். "உது ஒட்டிப்போடலாம். பெரிய வேலை இல்லை" என்றான். அதற்குப் பிறகு அவன் என்னைக் கிளாக்கர் அம்மா என்று கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விளிம்பில் குமிழ்களுக்குத் துளை போட்டாயிற்று.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என்னுடைய பையையும் உதயகலாவே தூக்கினாள்.

வீட்டுக்கு வந்து இருந்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தா. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் கையில் தருவா. கடைசியாகக் கையில் தந்தது எப்போது என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. சீனிப் போத்தில் பக்கத்தில் இருந்தது. மூடியை விரல்நுனியால் தட்டினேன். அது கழன்று விழுந்தது.

மற்றப் போத்தில்களையும் போய்ப் பார்த்தேன். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், ஊறுகாய். ஒன்றும் இறுக்கியிருக்கவில்லை.

"அம்மா, உந்த மூடியளை ஏன் இறுக்காமல் விடுறியள்?"

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தா. துடைத்துக்கொண்டே நின்றா.

"நீ திறக்கக் கஷ்டப்படக்கூடாதெண்டு."

"எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும்?"

"உயிர்த்த ஞாயிறுக்குப் பாஸ்ரருக்குக் கை குடுத்தனி. அவர் இழுத்துத்தான் எடுத்தவர். நான் பின்னாலை நிண்டு பாத்தனான்."

அந்தக் காலை எனக்கு நினைவிருந்தது. பாஸ்ரர்தான் அன்பாக என் கையை விடாமல் நின்றார் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஏனம்மா சொல்லேல்லை?"

"சொன்னால் அது உண்மையாப் போடுமெண்டு பயம் பிள்ளை." பிறகு, மெல்ல: "கொப்பாவையும் ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் கொண்டுபோனனான்."

என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டா. நான் பிடித்துவிடுவேனோ என்று பயந்து விரல்களை விரித்தே வைத்திருந்தேன். "பிடி" என்றா அம்மா. "நான் எங்கையும் போகேல்லை." பிடித்தேன். அது தானாக விரியும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

இதை எழுதும்போதும் நெஞ்சு அடிப்பது கேட்கிறது. சரியாக அடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதை நானே எண்ணிப் பார்த்து முடிவுசெய்யக்கூடாது.

நாளை, வெள்ளி: கடைக்கு லீவு சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பாவின் பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டுபோக வேண்டும். கையைக் காட்ட வேண்டும். இருதயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.