வழவழப்பு

நாலாயிரத்து அறுநூறு. மகளுக்குக் கண்ணாடி போட ஆய்வுக்கூடத்துத் தம்பியிடம் கைமாற்றாக வாங்கியது. கூடம் பெருக்குகிற அவள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போன மாதமே சேர்த்து வைத்துவிட்டாள். நீட்டும்போதெல்லாம் "இருக்கட்டும்க்கா, உங்களுக்கு ஆகும்" என்று அவன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். கொடுத்தவன் மறந்துவிடலாம். வாங்கியவளுக்கு அது தொண்டையில் முள். நல்ல மனசுக்காரனிடம் சண்டையும் போட முடியாது.

அவன் மேசையையாவது பளிச்சென்று வைப்போம் என்றுதான் அன்று காலை ஆரம்பித்தாள். கண்ணாடி ஜாடியில் சேறு, சேற்றுக்குள் ஒரு கரித்துணி, துணியிலிருந்து வரும் கம்பியில் மினுக்கிக்கொண்டிருக்கும் சின்ன விளக்கு. துணி முழுக்க வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. பாவம், பிள்ளைக்குத் துவைக்க நேரமில்லை போல. சோப்புப் போட்டுத் தேய்த்து அலசித் திரும்ப உள்ளே இறக்கினாள். விளக்கு எரியவில்லை.

அவன் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தான்.

"அந்த வழவழப்புதான்க்கா என் வேலையே."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அழுக்குன்னு நெனச்சுட்டேன் தம்பி. என்னைத் தூக்கிடுவாங்களா?"

"தூக்க நீங்க என்ன மூட்டையா? விடுங்க. அது பாக்டீரியாக்கா. சேத்துக்குள்ள காத்து கெடையாது. தின்னதுல மிஞ்சுற எலக்ட்ரானை யாருக்காவது குடுத்தாத்தான் அதுக்கு மூச்சு. நாம காத்துக்குக் குடுத்துடறோம். அதுங்க உடம்புக்கு வெளிய ரோமம் மாதிரி இழை நீட்டி துணிக்குக் குடுக்குதுங்க. எட்டாதது பக்கத்துல இருக்கறதுகிட்ட குடுக்கும். அப்படிக் கைமாறி வந்துதான் விளக்கு எரியுது."

"வாங்கிக்க ஆளில்லன்னா?"

"மூச்சு முட்டும். செத்துக்கூடப் போயிடும்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்புறக் கால்வாய்க்குப் போனாள். முழங்கை வரை சேறோடு வந்தாள். இருவருமாக ஜாடியை நிரப்பிப் புதுத் துணியைப் புதைத்தார்கள். மறுபடி படிய மூன்று வாரமாவது ஆகும் என்றான் அவன். குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இப்போது இரண்டு கடன்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பணத்தை எடுத்தாள்.

"அக்கா, மறுபடியுமா..."

"வாங்கிக்க ஆளில்லன்னா மூச்சு முட்டும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் ஜாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கட்டப்போன கைகளை முன்னால் நீட்டினான்.

"எண்ணிப் பாருங்க."

"பரவால்ல..."

"எண்ணுங்க தம்பி."

அவன் எண்ணினான். கழுவாத விரல் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு கறுப்புத் தடம் வைத்துக்கொண்டே போனது.