எண்ணாலும் எழுத்தாலும்

வாக்குச்சாவடியை இந்த முறையும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில்தான் வைத்திருந்தார்கள். இருபத்தாறு வருடம் டெல்ஃபினா பிள்ளைகளுக்குப் பரிமாறிய அறை. சாவடித் தலைவனாக உட்கார்ந்திருந்த இவானோவும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்தான்.

அவன் பென்சிலோடு இரண்டு சீட்டுகளை நீட்டினான். சாம்பல் நிறம் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு, பச்சை மாநில மன்றத்துக்கு. டெல்ஃபினா சாம்பலை எடுத்துக்கொண்டாள். பச்சையை ஒரு விரலால் அவன் பக்கமே தள்ளினாள்.

"இது வேணாம்."

"பிடிக்கலைன்னா வெறுஞ்சீட்டா மடிச்சுப் போட்டுடுங்கம்மா."

"வெறுஞ்சீட்டு போட்டா கெழவிக்குப் போடத் தெரியலைம்பாங்க. நான் வாங்கவே மாட்டேன். ஏன் வாங்கலைன்னு சாவடி அறிக்கையில எழுது. சட்டத்துல இடம் இருக்கு."

"இருக்கு. ஆனா யாரும் கேக்கறதில்ல."

"மீன் வேணாம்னு தட்டத் தள்ளுவியே, நான் ஏன்னு கேக்காம விட்டேனா? இப்ப நீ கேளு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற ரேமோ தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"அக்கா, எம்மாடு மடி கனத்து நிக்குது. வெளிய போய்த் திட்டக்கூடாதா?"

டெல்ஃபினா திரும்பினாள். "உம்மாட்டுக்கு ஒண்ணுன்னா வைத்தியர் இருபது நிமிஷத்துல வந்துடறாரு, ரேமோ."

ரேமோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

ஐந்து வருடத்துக்கு முன் மாநில மன்றத்துக்கு நின்ற வேட்பாளர் ஒருவர் சந்தைத் திடலில் அவள் கணவன் ஒத்தாவியோவின் தோளில் கைபோட்டு நின்றார். நான் உயிரோடிருக்கும்வரை பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியை மூட விடமாட்டேன் என்றார். ஜெயித்தார். பதினான்காவது மாதம் பூட்டினார்கள். அவர் உயிரோடுதான் இருக்கிறார். ரொட்டிக்கடைச் சுவரில் அதே சிரிப்போடு மறுபடியும் நிற்கிறார். ஒத்தாவியோவின் அடக்கத்துக்கு மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதன் நாடாவில் செத்தவன் பெயரைவிட அனுப்பியவர் பெயர் பெரிதாக இருந்தது. அந்த நாடாவை அவள் அடுப்பில் போட்டாள். அது சீக்கிரம் எரியவில்லை என்பதுகூட அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

இவானோ பேனாவைத் திறந்தான். "சுருக்கமா சொல்லுங்க. ரெண்டு வரிதான் இடம்."

நான்கு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை அவள் நிதானமாகச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிய மூடினது மாநிலம். எம்புருசன் ஒத்தாவியோவுக்கு நெஞ்சுவலி வந்தது பிப்ரவரி ஒம்போது. கணவாய்க்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஆம்புலன்ஸ் வர எழுபத்திரண்டு நிமிஷம். அது வர்றப்போ அவரு எம்மடியில செத்துக் கிடந்தாரு. அதனால இந்தச் சீட்டு எனக்கு வேணாம்."

"செத்துக் கிடந்தாருன்னு அப்படியே எழுதவா?"

"வேற எப்படிக் கிடந்தாரு?"

அவன் எழுதினான். தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். 72 என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"நம்பர் மட்டும் போட்டிருக்க. ஓட்ட எண்ணி எழுதறப்போ யாரும் மாத்திடக்கூடாதுன்னு எண்ணாலயும் எழுத்தாலயும் எழுதுவீங்கல்ல? இதையும் அப்படியே எழுது."

இரண்டு வரியும் தீர்ந்துவிட்டிருந்தது. இவானோ ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு தாளைப் பக்கவாட்டில் திருப்பினான். பேனா ஓரத்து வெள்ளையில் மெல்ல மேலேறியது. எழு, பத், திரண்டு. ஜன்னல் காற்றில் பச்சைச் சீட்டு மேசை விளிம்புவரை நகர்ந்தது. அதைப் பிடிக்க யாரும் கை நீட்டவில்லை.