இரண்டுக்கு இரண்டு என்றாலும் வென்றோம்

தோற்றுப்போன ஒருத்தி இப்படி ஆடுவாள் என்று தங்கமலர் எதிர்பார்க்கவில்லை.

2009 நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அது. டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்தின் ஓரத்திலிருந்த லோண்டறியில் வேலை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளைத் தங்கமலர் ஒரு முனையிலும் பெயாட்ரிஸ் மறுமுனையிலும் பிடித்து அழுத்தி மடிக்கிற இயந்திரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருடமாக இருவரும் அப்படி எதிரும் புதிருமாக நின்று பழகியவர்கள். அன்றைக்குப் பெயாட்ரிஸ் தன் முனையை விடாமலே இடுப்பை ஆட்டினாள், தோளைக் குலுக்கினாள். விரிப்பு அலையாக எழும்பி வந்து தங்கமலரின் முகத்தில் அடித்தது.

பெயாட்ரிஸ் கொங்கோ நாட்டுக்காரி, லுபும்பாஷி நகரம். அவளுடைய ஊர் உதைபந்தாட்டக் கழகம் மசெம்பே. ஆபிரிக்கக் கழகங்களுக்கான கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்கு அது வந்திருந்தது. இறுதிப் போட்டி என்றால் ஒன்றல்ல, இரண்டு ஆட்டம். ஒன்று அவர்கள் ஊரில், ஒன்று இவர்கள் ஊரில். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை நைஜீரியாவின் ஒவெரி நகரத்தில் ஹார்ட்லாண்ட் கழகத்தோடு ஆடி, மசெம்பே இரண்டுக்கு ஒன்று என்று தோற்றிருந்தது. இவ்வளவையும் தங்களுக்குப் பொதுவான அரைகுறை டேனிஷில் சொல்லி முடித்துவிட்டு மறுபடி ஆடத் தொடங்கினாள்.

தோற்றதற்கு என்ன ஆட்டம் என்று தங்கமலர் கேட்டாள்.

பெயாட்ரிஸ் தலையணை உறைகளை எடுத்து மேசையில் அடுக்கி விளக்கினாள். இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டிச் சமனாக வந்தால், அடுத்தவன் வீட்டுக்குப் போய் அடித்த கோலுக்கு மதிப்புக் கூட. மசெம்பே அங்கே ஒன்று அடித்துவிட்டது. வருகிற சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றால் போதும், கிண்ணம் லுபும்பாஷிக்கு. அப்படிப் பார்த்தால் இரண்டுக்கு இரண்டு, சமன்தானே என்றாள் தங்கமலர். சமன்தான், ஆனாலும் வெற்றி என்றாள் பெயாட்ரிஸ். உறைகளை நாலு தரம் கலைத்து அடுக்கியும் தங்கமலருக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. லொறியில் சாமான் ஏற்றுகிற எமேக்கா அந்த வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் ஒவெரியிலேயே பிறந்தவன். உறை அடுக்கி யாரும் கிண்ணம் எடுத்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பெயாட்ரிஸ் ஓர் ஈரத் துவாயைச் சுருட்டி அவன் முதுகுக்கு எறிந்தாள்.

தங்கமலருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அவசரமாக விழுங்கிக்கொண்டாள்.

மே மாதத்திலிருந்து அவள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. யார் என்றால், அவளும் புருஷன் அந்தோனிதாசனும்தான். மகள் படிப்புக்காக ஓல்போர்க்குக்குப் போய்விட்டாள். இலங்கையில் யுத்தம் நடந்த கடைசி மாதங்களில் அந்தோனிதாசன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தமிழ்ச் செய்திக்கென்று பல்கனியில் பூட்டிய டிஷ், ஒரு வள்ளத்தைக் கவிழ்த்து வைத்ததுபோலப் பெரியது. மே மாதம் மூன்றாம் கிழமை யுத்தம் முடிந்தது. அவர் தொலைக்காட்சியை நிற்பாட்டினார், பிறகு போடவேயில்லை. அவருடைய தங்கை லூர்தம்மாவும் அவளது இரண்டு பெண்பிள்ளைகளும் வவுனியா முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். சந்தோஷமாக ஏதாவது செய்தால் அது அவர்களுக்குச் செய்கிற துரோகம்போல இருவருக்கும் தோன்றியது. அதைப்பற்றி இருவரும் கதைத்துக்கொண்டதில்லை.

புதன்கிழமை பெயாட்ரிஸ் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். இரண்டாவது ஆட்டத்தை டென்மார்க் சேனல் எதுவும் காட்டாது. பிரெஞ்சில் ஒளிபரப்பாகும் ஆபிரிக்க சேனல் ஒன்று காட்டும், ஆனால் அதற்குப் பெரிய டிஷ் வேண்டும். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் டிஷ் பூட்ட அனுமதி இல்லை. தங்கமலர் வீட்டு டிஷ்ஷை அவள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். நாலே நாலு பேர்தான் வருவோம் என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றாள் தங்கமலர். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மாலை தொலைபேசி அடித்தது. அந்தோனிதாசன் எடுத்தார். காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் வந்திட்டீங்களே? மூண்டு பேரும்?" என்று மட்டும் கேட்டார். லூர்தம்மாவையும் பிள்ளைகளையும் முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். குருநகரில் ஒரு உறவுக்காரர் வீட்டிலிருந்து கதைத்தாள். அண்ணனும் தங்கையும் அதற்கு மேல் கதைக்க ஒன்றும் கிடைக்காமல் இரண்டு பக்கமும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியை வைத்த அந்தோனிதாசன் குசினிக்குப் போய், கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினார். முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகம்போல இருந்தது.

தங்கமலருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஜெபம் சொல்லலாமா, சோறு போடலாமா, அழலாமா என்று மனம் தடுமாறிக்கொண்டிருக்கையில் வாய் தன்பாட்டில் திறந்தது.

"இஞ்சேருங்கோ, சனிக்கிழமை நாலு பேர் மாட்ச் பார்க்க வருகினம்."

"ஓம், வரட்டும்," என்றார் அந்தோனிதாசன். யார், என்ன மாட்ச், எதற்கு என்று அவர் கேட்டது வெள்ளிக்கிழமை காலையில்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்கே அவர் இடுப்பில் கட்டிய சாரத்தின் மேல் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, டிஷ்ஷைத் திருப்ப நட்டுக் கழற்றும் சாவிகளோடு பல்கனிக்குப் போனார். தங்கமலர் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று என்ன தெரிகிறது என்று குரல் கொடுக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அரபியில் ஒருவர் கத்தரிக்காய் பொரித்தார். கொஞ்சம் திருப்பினால் போலந்துப் பாதிரியார் ஒருவர் பூசை வைத்தார். இன்னும் கொஞ்சம் திருப்பினால் குதிரை விற்றார்கள். "பூசையை விட்டிட்டுக் குதிரையிலயிருந்து மேல போங்கோ," என்று தங்கமலர் கத்தினாள். கீழ்வீட்டு டேனிஷ்காரர் தன் பல்கனியிலிருந்து தலையை நீட்டி மேலே பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒன்றே முக்கால் மணிக்குப் பச்சைப் புல்தரையும், பிரெஞ்சில் மூச்சுவிடாமல் கதைக்கிற ஒரு மனிதரும் வந்து சேர்ந்தார்கள். அந்தோனிதாசன் உள்ளே வந்து, குளிரில் சிவந்த மூக்கோடு அந்தப் படத்தை ஏதோ தானே கீறி வரைந்ததுபோலப் பார்த்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தத் தொலைக்காட்சியில் வெளிச்சம்.

நாலு பேர் என்றது பத்தொன்பது பேராக வந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. மசெம்பேயின் கறுப்பு வெள்ளைச் சால்வைகள், ஒரு பெரிய சட்டி நிறையப் பொரித்த வாழைக்காய், ஒரு மேளம். பெயாட்ரிஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொருவரையும் உள்ளே தள்ளினாள். தங்கமலர் நாலு பேருக்கென்று அறுபது கட்லட் பொரித்து வைத்திருந்தாள், அதனால் மானம் தப்பியது. கடைசியாக, தனியாக, எமேக்கா வந்தான். ஒவெரிக்கு அந்த அறையில் அவன் ஒருவன்தான். எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றவனை அந்தோனிதாசன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் சாய்வு நாற்காலியில் இருத்தினார். தான் அதன் கைப்பிடியில் ஏறி இருந்தார்.

ஆட்டம் தொடங்கியது; தேநீர் கொடுக்க வந்த தங்கமலர் திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மசெம்பே முட்டி மோதியது. பந்து கோல் கம்பத்துக்கு மேலே போனது, பக்கத்தால் போனது, கோல் காப்பாளரின் நெஞ்சுக்குப் போனது; வலைக்குள் மட்டும் போகவில்லை. நாற்பத்தொரு வருடமாக இந்தக் கிண்ணம் தங்கள் ஊருக்கு வரவில்லை என்றும், கடைசியாக வந்த வருடம்தான் தான் பிறந்ததாகவும் பெயாட்ரிஸ் சொன்னாள். அதற்குள் தன் நாட்டில் எத்தனை யுத்தம் தொடங்கி எத்தனை யுத்தம் முடிந்தது என்று விரல் மடித்தாள், பாதியில் விட்டுவிட்டுத் திரையைப் பார்த்து ஏசத் தொடங்கினாள்.

எழுபது நிமிடம் ஆகும் நேரத்தில் வெளியே காற்று எழும்பியது. படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. பத்தொன்பது பேரும் ஒரே குரலில் அலறினார்கள். அந்தோனிதாசன் ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல் பல்கனிக்கு ஓடி, டிஷ்ஷை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். படம் வந்தது. கையை எடுத்தார்; போய்விட்டது. மறுபடி பிடித்தார், வந்தது. சரி, இனி அங்கேதான்.

"என்ன நடக்குது, மலர்?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

தங்கமலர் கதவடியில் நின்றாள். அவளுக்குப் பந்தாட்டத்தின் ஒரு சொல்லும் தெரியாது. "கறுப்பு வெள்ளை போட்ட ஒருத்தன் ஓடுறான். மற்றவன் விழுத்திப்போட்டான். எழும்பிட்டான், பரவாயில்லை. இப்ப மூலையில வச்சு அடிக்கப் போறாங்கள்."

"ஆர் அடிக்கிறான்?"

"எனக்கென்ன தெரியும், எல்லாரும் ஒரே உயரம். அடிச்சிட்டான். எல்லாரும் முன்னுக்குக் குவிஞ்சு நிக்கினம். ஐயோ, ஒண்டும் இல்லை, வெளியால போட்டுது. திரும்ப வருகினம். பொறுங்கோ, பொறுங்கோ, பந்தைக் காணேல்லை."

பந்து வலைக்குள் இருந்தது. யார் காலில் பட்டு உள்ளே போனது என்பதில் அறையிலிருந்த எல்லாருக்கும் வேறு வேறு கருத்து. கருத்துச் சொல்ல யாரும் நிற்கவுமில்லை. மேளமும் சட்டியும் பெயாட்ரிஸுமாகப் பல்கனிக்குப் பாய்ந்தார்கள். டிஷ்ஷோடு சேர்த்து அந்தோனிதாசனைக் கட்டிப்பிடித்தார்கள். டிஷ் கிறீச்சிட்டுச் சுழன்றது. உள்ளே திரை இருண்டது.

ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஒவெரி ஒரு கோல் அடித்தால் எல்லாம் போச்சு. அந்தோனிதாசன் மேலே திருப்பினார், கீழே திருப்பினார். குதிரை விற்பவர்கள்கூட அகப்படவில்லை. கடைசியில் பெயாட்ரிஸ் லுபும்பாஷியிலிருந்த தன் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பெரியம்மா றேடியோவுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்தாள். கட்லட் தட்டின் நடுவில் பெயாட்ரிஸின் நொக்கியாவை வைத்து, சுற்றிவர எல்லாரும் நிலத்தில் இருந்தார்கள். சுவாஹிலியில் ஒருவர் தகரத்துக்குள்ளிருந்து கத்துவதுபோலக் கேட்டது. ஒரு சொல்லும் விளங்காமலே தங்கமலர் பெயாட்ரிஸின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். மறுபக்கத்தில் எமேக்கா கண்ணை மூடி ஜெபித்தான். இந்த இரண்டு பேருக்குமாகத் தன்னால் ஜெபிக்க முடியாதே என்று நினைத்தபோது அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இந்தத் தரம் விழுங்க நேரமில்லை. கடைசி விசில் ஊதியது, நொக்கியாவுக்குள் ஒரு ஊரே வெடித்தது.

பிறகு நடந்ததைத் தங்கமலரால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. யாரோ அவளைத் தூக்கினார்கள். கீழ்வீட்டு டேனிஷ்காரர் முறைப்பாடு சொல்ல மேலே வந்தார். கையில் ஒரு கட்லட்டும் கழுத்தில் ஒரு சால்வையுமாகத் திரும்பிப் போனார். எமேக்கா முகத்தைத் துடைத்துவிட்டு எழும்பி, தனியாக வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்க்க முடியாது, நானும் உங்களோடு வருகிறேன் என்றான். ஐந்து காரில் ஏறினார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்த சில்க்போர்க்கின் நகரச் சதுக்கத்தைச் சுற்றி ஹோர்ன் அடித்தபடி போனார்கள். சனிக்கிழமைக் கடைகளை முடித்து வந்த சனங்கள் பைகளோடு நின்று பார்த்தார்கள்.

மூன்றாவது சுற்றில் பொலிஸ் மறித்தது. முன் காரில், சாரதிக்குப் பக்கத்தில், சாரத்தோடும் கறுப்பு வெள்ளைச் சால்வையோடும் இருந்தவர் அந்தோனிதாசன். என்ன விசேஷம் என்று பொலிஸ்காரர் கேட்டார். இருபத்திரண்டு வருடமாக டென்மார்க்கில் பொலிஸைக் கண்டால் மறுபக்கம் போகிற அந்தோனிதாசன், கண்ணாடியை முழுதாக இறக்கினார்.

"நாங்கள் வென்றுவிட்டோம்," என்றார் டேனிஷில்.

யார் நாங்கள் என்று பொலிஸ்காரர் கேட்டார். லுபும்பாஷி என்றார் இவர். எத்தனைக்கு எத்தனை? இரண்டுக்கு இரண்டு. பொலிஸ்காரர் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு, வெளியூரில் அடித்த கோலா என்று கேட்டார். "ஓம், ஓம்," என்று அந்தோனிதாசன் தமிழிலேயே சொன்னார். இன்னும் ஒரு சுற்று, அதற்குப் பிறகு ஹோர்ன் அடிக்கக்கூடாது என்று பொலிஸ்காரர் வழி விட்டார். பின் சீட்டில் தங்கமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் கோபிப்பாரோ என்று எட்டிப் பார்த்தாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, தோள் குலுங்கியது, வாயை மூட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை பூசைக்குப் போகுமுன் அவரே குருநகருக்குத் தொலைபேசி எடுத்தார். தங்கமலர் குசினியில் நின்றாள். வியாழக்கிழமை ஒரு சொல்லுக்குத் திண்டாடிய மனிதர், அரை மணித்தியாலம் நிறுத்தாமல் கதைத்தார். டிஷ், குதிரை, காற்று, பெரியம்மாவின் றேடியோ, பொலிஸ்காரர் என்று ஒன்றும் மிச்சம் விடவில்லை. மறுமுனையில் லூர்தம்மா ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய குரல் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"அண்ணை, அந்தத் தோத்தவர், எமேக்காவோ, அவர் பாவம். சாப்பிட்டவரே?"

"சாப்பிட்டவன். பதினொரு கட்லட்."

லூர்தம்மா சிரித்தாள். பக்கத்தில் பிள்ளைகள் என்ன, என்ன என்று கேட்டார்கள். மாமா ஆக்கள் டென்மார்க்கில பந்தடிச்சு வென்றிட்டினமாம், மாமாவைப் பொலிஸ் பிடிச்சு வாழ்த்தினதாம் என்று அவள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினாள். அந்தோனிதாசன் திருத்தவில்லை. "ஓம் பிள்ளையள், கடைசி வரைக்கும் நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்," என்றார்.